பாதியில் நின்ற வீடியோ

அரூரில் என் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். பழைய வீடியோக்கள் மாடி அறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இருக்கும். அங்கிருந்து வயர் வழியாகத்தான் கீழே உள்ள கம்ப்யூட்டருக்கு வரும்.

போன மாதம் ஷாஹிதா வந்தார். அவர் கல்யாண வீடியோவை நான்தான் செய்திருந்தேன்.

"அத்தா தவறிட்டாருங்கக்கா. அவரு பேசுனது அந்த வீடியோல மட்டுந்தான் இருக்குதுங்க" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

மாடியிலிருந்து அவர் கல்யாணப் போட்டோக்கள் உடனே வந்தன. பெரிய வீடியோ மட்டும் பாதியில் நின்றது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பில் முயன்றேன். மறுபடியும் நின்றது.

"பீரோ பின்னால என்னமோ நாறுதுங்கக்கா" என்றார் ஷாஹிதா.

எனக்கும் தெரியும். சில நாட்களாக ஊதுபத்தி கொளுத்திச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

இருவருமாகப் பீரோவை நகர்த்தினோம். செத்த எலி ஒன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது, மேலெல்லாம் புழு. பக்கத்தில், மாடியிலிருந்து வரும் வயர், அது கடித்துக் குதறியபடி. குமட்டிக்கொண்டு வர, வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால், ஷாஹிதா பழைய பேப்பரால் அதை வழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, விடும்மா."

"நீங்க வயர மாத்துங்கக்கா. எனக்கு அத்தா குரலக் கேக்கணும்."

புது வயரில் வீடியோ முழுதாக வந்தது. அவர் அப்பா மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷாஹிதா சோப்பு மணக்கும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். அப்பாவைத் தேடி வந்த பெண்ணை என் வீட்டு அழுகலை அள்ளவிட்டு வாசலில் நின்றேனே, அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.