லைசின் விடாத பன்னிரண்டு குழாய்கள்

திருடினார் என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நேற்று மாடி வீட்டுத் தையல்காரி படிக்கட்டில் என்னை மறித்து, "உங்க மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட்டைப் பாட்டில் பாட்டிலா வித்து மாட்டிக்கிட்டாராமே?" என்றாள்.

"வித்திருந்தா எங்க கதவுக்கு ஒரு தாழ்ப்பாளாவது புதுசா போட்டிருப்போம்" என்றேன்.

"அப்போ அங்க படிக்க வந்த பொண்ணு விஷயமா ஏதோன்னு..." என்று இழுத்தாள்.

"ஊசியை வாயிலதானே வெச்சுக்கிற, அப்படியே ரெண்டு தையல் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலை போனது நிஜம். அது எதனால் என்பது மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். என் பங்கும் அதில் இருக்கிறது. எழுதப் படிக்க வராதே தவிர எனக்கு மறதி கிடையாது. நான் சொல்லச் சொல்ல யாராவது இதை எழுதிவைக்கட்டும்.

பெண் கேட்டு வந்த அன்றே, என்ன வேலை என்று கேட்டேன். "பூஞ்சையைப் பாத்துக்கறேங்க" என்றார். சுவரில் படர்ந்ததைத் துடைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். "இல்லைங்க, வளக்கறேன்" என்றார். பூசணம் வளர்க்கவும் ஒருத்தர் சம்பளம் கொடுப்பார்களா என்று என் மகள் உள்ளே சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஆனாலும் அவரையே கட்டிக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பாட்டில் கழுவப் போனவர். கை சுத்தத்தைப் பார்த்துப் பேராசிரியை அம்மா பூஞ்சை அறையின் சாவியையே கொடுத்துவிட்டார்களாம். வீட்டில் ரொட்டி பூத்துப்போனால் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "தூக்கிப் போடுங்க, அது என்ன உங்க பெரியப்பா மகனா?" என்பாள் மகள்.

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த அறையைக் காட்டினார். விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள், வாயில் பஞ்சடைப்பு, உள்ளே கூழாக உறைந்த தீனி, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவியதுபோல் பூஞ்சை. நம் உடம்பு வளர லைசின் என்று ஒன்று வேண்டுமாம். அதைச் செய்துகொள்ள மனுஷ உடம்புக்குத் தெரியாது. பருப்பிலும் பாலிலும்தான் எடுக்க வேண்டும். பூஞ்சை தானே செய்துகொள்ளும். எட்டுப் படியாக வேலை நடக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. நொதி என்றால் ஒரே வேலை தெரிந்த ஆள் மாதிரி. தன் வேலையை முடித்து அடுத்தவன் கையில் கொடுத்துவிடும்.

"அப்போ அது நம்மைவிடக் கெட்டிக்காரப் பிறவி" என்றேன்.

"ஆமா அத்தை. ஆனா இந்தப் பன்னெண்டு குழாயில இருக்கறதுக்கு நாலாவது ஆள் இல்ல. மூணு படியோட வேலை நின்னு போகும். லைசினை நாமளே ஊத்தணும். ஊத்தினா மத்தது மாதிரியே வளரும், பாத்தா வித்தியாசம் தெரியாது. ஊத்தலன்னா செத்துப்போகும்."

அந்த ஊனப் பூஞ்சையைப் பேராசிரியை அம்மா தன் இளவயதில் பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறார்கள். வேறெங்கும் கிடையாது. அந்த நாலாவது நொதியைப் பற்றித் தெரிந்துகொண்டால், நோயாளியின் நுரையீரலில் படரும் பூஞ்சையை மட்டும் பட்டினி போட்டுக் கொல்ல வழி பிறக்கலாம். நம்மிடம் அந்த வேலையே நடக்காததால் நமக்குக் கெடுதல் வராது. மாதம் ஒருமுறை புதுத் தீனி காய்ச்சி, லைசின் விட்டு, பழைய குழாயிலிருந்து துளி எடுத்துப் புதுக் குழாயில் வைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு.

மகளுக்கு வலி எடுத்த அன்று அவர் தீனி காய்ச்சிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு பாட்டி, நாளைக்குக் காலையில ஆகும்" என்றாள். நேற்றுப் படித்துவிட்டு வந்தவளுக்கு என்ன தெரியும் என்று நான் மூன்று தடவை போன் போட்டேன். மூன்றாவது தடவை அவர், "அத்தை, அரை மணி நேரம்" என்றார்.

"உங்களுக்குப் பூசணம் பெருசா, பொண்டாட்டி பெருசா?" என்றேன்.

அரை மணிக்குள் வந்து நின்றார், சட்டையில் தீனிக்கறையோடு. குழந்தை மறுநாள் காலையில்தான் பிறந்தது.

ஐந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு குழாயும் வெறுமையாக இருந்திருக்கின்றன. அவசரத்தில் விட மறந்த லைசின் பாட்டில் மேஜையில் நிறைந்தபடி நின்றிருக்கிறது. பழைய குழாய்களையோ அன்றைக்கே நீராவியில் வேகவைத்துக் கழுவப் போட்டாயிற்று. குளிர்பெட்டியில் மாற்றாக இருந்ததை எடுத்து உயிர்ப்பிக்கப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. ஊனமில்லாத சாதாரணப் பூஞ்சையை எடுத்து, அந்தப் பேர் எழுதிய குழாய்களில் வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பட்டத்துக்காக அதே பூஞ்சையை ஆராய வந்தவள். லைசின் இல்லாத தீனியில் அது வளரக் கூடாது, வளர்ந்தது. தன் கையில்தான் குற்றம் என்று நினைத்தாள். குடுவைகளை மூன்று முறை கழுவினாள், தண்ணீரை மாற்றினாள், விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. "அண்ணே, என் குழாய் கெட்டுப்போச்சு போல, புதுசா ஒண்ணு தாங்க" என்று வருவாளாம். அவர் எடுத்துக் கொடுப்பார். "தேங்க்ஸ்ண்ணே" என்பாளாம்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. குழந்தை குப்புற விழுந்ததைக் காட்டினால் பார்த்துவிட்டு எழுந்துபோய்விடுவார். உட்கார்ந்தபோதும் அப்படித்தான். பெண் குழந்தை என்பதால் மனக்குறையோ என்று நான் மகளிடமே கேட்டேன். பாவி நான். குழந்தைக்கு ஒரு மாதம் கூடினால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் வீண் என்று அவர் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

குழந்தை தவழத் தொடங்கிய வாரம், ஒரு மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டு வந்தார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். அன்று பேராசிரியை அம்மா அந்தப் பெண்ணிடம், உனக்கு இந்த வேலைக்குக் கை வரவில்லை, மாதக் கடைசியோடு உன் இடத்தை வேறொருத்தருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவ அழல அத்தை. குடுவையைத்தான் கழுவிக்கிட்டிருந்தா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருங்க. அவ சின்னப் பொண்ணு, வேற படிப்பு படிச்சுக்குவா. உங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்றேன். யாரோ பெற்ற பெண்ணை அடுப்புச் சாம்பல்போல் தள்ளிவிட்டேன். அவர் எழுந்துபோனது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் குளித்துச் சட்டை மாட்டினார். பேராசிரியை அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போவதை மகளிடம் முன்தினமே சொல்லியிருக்கிறார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் வாசற்படியில் போய் நின்றுகொண்டேன்.

"இருபத்திரண்டு வருஷம் உழைச்ச இடம். ஒரு பூசணத்துக்காகவா?"

"பூசணத்துக்காக இல்ல அத்தை."

"அப்போ நான்தான் அவசரப்படுத்திக் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. கிழவி உயிரை எடுத்துட்டான்னு சொல்லுங்க. நானும் கூட வரேன்."

"வேண்டாம். அன்னிக்கு நீங்க கூப்பிட்டது சரி. மறந்தது என் கை, மாத்தி வெச்சதும் என் கை. மறந்ததை அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டோட போயிருக்கும்."

நான் கூப்பிட்டது சரியில்லை. நேரம் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மகள் உள்ளேயிருந்து, "அம்மா, வழி விடு" என்றாள்.

சாப்பாடு கட்டித் தரவா என்று கேட்டேன். கேட்பதற்கு வேறொன்றும் இல்லை.

"வேண்டாம் அத்தை, மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்" என்றார். பூஞ்சை அறைச் சாவியைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் ஒதுங்கினேன். அவர் படியிறங்கிப் போனார்.