நெஞ்சுக்குள் இறக்கிய கேசிங் பைப்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அன்னூர் பக்கம் தண்ணீருக்குப் போர் போடுவது என் தொழில். மண் சரியாமல் கேசிங் பைப் இறக்கிவிட்டால், அப்புறம் அந்தக் குழியை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருஷம், தொண்ணூற்று நாலில், கோயமுத்தூரில், அடைப்பைத் திறந்து வைக்கப் புதிதாக வந்திருந்த ஸ்டென்ட்டை என் இதயக் குழாயில் வைத்தார்கள். "கேசிங் எறக்கியாச்சுங்க, இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாம் மாதம் படியேறினால் நெஞ்சை அழுத்தியது. வாயு என்றேன்.

"ஏனுங்க, டாக்டரைப் பாத்துப்போட்டு வந்தரலாங்க" என்றாள் மனைவி.

"கேசிங் போட்ட குழி மூடுமா அம்மணி?" என்று சிரித்தேன். மூன்று வாரம் சிரித்தேன். அப்புறம் சிரிக்க மூச்சு இல்லை.

மறுபடியும் அதே கட்டில், அதே உப்பில்லாத கஞ்சி. அலுத்துப்போனேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். முதலில் வைத்தது சுருள் கம்பியாம். அதன் இடைவெளிகளில் சதை வளர்ந்து வழியை அடைத்துவிட்டது. இந்த முறை அதற்குள்ளேயே, சுவரில் நெருக்கமாகக் கீறல் வெட்டிய உலோகக் குழாயை வைத்தார்கள். இதில் அடைப்பு குறையும், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாதாம்.

இப்போது லேசாக அழுத்தினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். போன வாரம் டாக்டரிடம், "இதுக்காவது கேரண்டி உண்டுங்களா?" என்று கேட்டேன்.

"உங்க போருல தண்ணி வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.