இப்போதைக்கு மூச்சு விடுது

வண்டிக்காரர் குறையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சோய்ஜில் பின்கதவைத் திறந்து, இருக்கையோரம் இருக்கும் காற்றுச் சல்லடையில் கன்னத்தை வைத்துவிடுவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கொத்து ஒட்டக மயிரை எடுத்து அதன் முன்னால் பிடிப்பார். மயிர் உள்பக்கமாகச் சாய்ந்தால் விசிறி காற்றை இழுக்கிறது என்று பொருள். சும்மா தொங்கினால் அவர் முகமும் தொங்கிவிடும். பின்சீட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் பெரிய பேட்டரிக்கு அந்தச் சல்லடைதான் மூக்கு. மூக்கு அடைத்தால் பேட்டரிக்குச் சூடு ஏறும், சூடு ஏறினால் ஹைபிரிட் வண்டி மேட்டில் நொண்டும்.

உலான்பாத்தரின் வடக்கு ஓரத்தில், கணவாய்ச் சாலை நகரத்துக்குள் இறங்கும் இடத்தில் அவருடைய பட்டறை. வசந்தம் வந்தால் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஆட்டைச் சீவி எடுத்த காஷ்மீர் ரோம மூட்டைகளைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டு வருகிறவர்களின் விசிறிகளில் பஞ்சு பஞ்சாக மயிர் இருக்கும். நாய் மயிரும் பைன் கொட்டைத் தோலும் வரும், ஒருமுறை குழந்தையின் காலுறை ஒன்றும் வந்தது. எல்லாவற்றையும் ஊதித் துடைத்து மாட்டியபின் "சரியாயிடுச்சா அண்ணே?" என்று கேட்டால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வராது. "இப்போதைக்கு மூச்சு விடுது" என்பார். சரியாகிவிட்டது என்று உரக்கச் சொல்வது கெடுதலுக்கு வாசலைக் காட்டுகிற காரியம் என்பது அவர் எண்ணம்.

பயம் அவரோடு கூடப் பிறந்தது. கவலை வந்தால் ஆரூலைக் கடிப்பார். கல் மாதிரி காய்ந்த தயிர்க்கட்டி. மனைவி காலையில் பை நிறைய ஆரூல் போட்டு அனுப்புவாள், மாலையில் மிச்சத்தைப் பார்த்து அன்றைக்கு எப்படிப்பட்ட வண்டி வந்தது என்று சொல்லிவிடுவாள். பழுது கிடைத்த வண்டி அவரைத் தூங்கவிடும். பழுது கிடைக்காத வண்டிதான் ஆரூலைத் தீர்க்கும். பட்டறைக்குள் யாரும் சீட்டி அடிக்கக் கூடாது, அது காற்றை அழைக்கும், கஷ்டத்தைக் கூட்டிவரும். மறந்துபோய் உதட்டைக் குவித்தவர்கள் அவர் கத்தியதில் சாவியைக் கீழே போட்டிருக்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் ஆரூல் பையைக் காலி செய்தது துல்மாவின் வெள்ளை வண்டி. கணவாய்க்கு அந்தப்புறத்துப் பள்ளத்தாக்கில் தகப்பனாரோடு இருக்கிறவள். பெரியவர் பல்தானுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவரை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறும்போதெல்லாம் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. அவள் தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை.

சோய்ஜில் விசிறியைக் கழற்றினார். பளிச்சென்று இருந்தது. கருவியை மாட்டிச் சூட்டைப் பார்த்தார்; குறை சொல்ல ஒன்றுமில்லை. தானே கணவாய் உச்சி வரை ஓட்டிப் போனார். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளி ஏறியது. அடுத்த பயணத்தில் பெரியவரோடு மறுபடியும் நின்றது.

உச்சியில், நீலத் துணிகள் கட்டி வணங்கும் கற்குவியலான ஓவூவுக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. பெரியவர் அதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"மலைத் தெய்வம் அவரைத் தாண்ட விடமாட்டேங்குதாம்," என்றாள் துல்மா. "போன வாரம் ஒரு தடவை போக முடியல. முகமெல்லாம் வீங்கிப்போச்சு அண்ணே. இன்னொரு தடவை நின்னா நான் வண்டியில ஏறவே மாட்டேன், என்னை விட்டுருங்கிறாரு. சொன்னா சொன்னதுதான், அப்படிப்பட்ட ஆளு."

சோய்ஜில் வாயிலிருந்த ஆரூலை அப்படியே விழுங்கிவிட்டார். இனி வண்டி நின்றால் ஒரு மனிதர் நின்றுபோவார். அன்றிரவு அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. வண்டியில் மாறாதது எது, பெரியவர் ஏறினால் மாறுவது எது என்று புரண்டு புரண்டு யோசித்தார். காலையில் துல்மாவின் வீட்டு வேலிக்கதவை அவரே போய்த் தட்டி, எப்போதும் எப்படிப் போவீர்களோ அப்படியே உட்காருங்கள், ஒன்றையும் மாற்றாதீர்கள் என்றார்.

பெரியவர் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த தேல் அங்கியில் வந்தார். மே மாதத்திலும் அவருக்குக் குளிர்தான். குதிரைமேல் உட்காருகிறவர் மாதிரி அங்கியின் மடிப்பை இருபக்கமும் விரித்துவிட்டுப் பின்சீட்டில் அமர்ந்தார். அவருக்காகத் துல்மா ஹீட்டரை முழுதாகத் திறந்தாள். முன்சீட்டில் சோய்ஜிலுக்கு வியர்த்தது.

மேடு தொடங்கியதும் பின்னாலிருந்து மெல்லிய சீட்டி ஒன்று கேட்டது. கஷ்டத்தைக் கூப்பிட இதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லையா என்று சோய்ஜில் சட்டென்று திரும்பினார். பெரியவராயிற்றே என்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஐயா, வண்டிக்குள்ள சீட்டி அடிக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"எனக்கு முன்பல்லு போயி எத்தனையோ காலம் ஆச்சு தம்பி. நான் எங்க சீட்டி அடிக்கிறது?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதும் சீட்டி நிற்கவில்லை.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, நிற்பதற்கு முன்பே சோய்ஜில் இறங்கிவிட்டார். பின்கதவைத் திறந்தார். விரித்துவிட்ட தேலின் மடிப்பு காற்றுச் சல்லடையின்மேல் கிடந்தது. கிடந்தது என்ன, விசிறி இழுத்து இழுத்து அது ஒட்டிக்கொண்டே விட்டது. மூலையில் மட்டும் சிறு இடுக்கு, அதன் வழியாகத்தான் அந்தச் சீட்டி. துணியை உரித்து எடுத்ததும் சத்தம் அடங்கியது. ஒட்டக மயிரை நீட்டினார். விரலைவிட்டுப் பறந்துபோய்ச் சல்லடையில் ஒட்டியது. மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான். ஆனால் சோய்ஜிலுக்குச் சிரிப்பு வரவில்லை. மயிரைப் பிய்த்தெடுத்து மறுபடியும் ஒருமுறை நீட்டிப் பார்த்தார்.

பெரியவர் தன் அங்கியையும் சல்லடையையும் மாறி மாறிப் பார்த்தார். தெய்வத்தின்மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்வது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"பொறந்ததிலேர்ந்து இப்படித்தான் விரிச்சு உக்காருறேன். எந்தக் குதிரையும் ஒண்ணும் சொன்னதில்ல."

"குதிரைக்கு மூக்கு முன்னாடி இருந்துச்சுங்க ஐயா. இதுக்கு உங்க பக்கத்துல இருக்கு."

பெரியவர் மடிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, மகளின் சீட்டைத் தட்டினார். வண்டி ஓவூவைத் தாண்டியது. மூன்று முறை ஹாரன் அடித்து வணங்கிவிட்டு இறங்கினார்கள். இனி நம்பிப் போகலாமா என்று துல்மா கேட்டதற்குச் சோய்ஜில் பேட்டரியைப் பற்றி வழக்கமாகச் சொல்கிற "இப்போதைக்கு மூச்சு விடுது" என்பதைத்தான் சொன்னார். அவள் அதை அப்பாவைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

சோய்ஜிலின் பயம் அதோடு தீர்ந்துவிடவில்லை. பெரியவருக்கு மறதி வரலாம், தூக்கத்தில் கை தளரலாம். ஆஸ்பத்திரி நாள்களில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சாலையோரம் வந்து நிற்கிறார். கணவாய் வளைவில் வெள்ளை வண்டி தெரியும்வரை நிலைகொள்ளாமல் பையைத் துழாவி, ஒரு ஆரூலை வாய்வரை கொண்டுபோகிறார். வண்டி பட்டறையைக் கடக்கும்போது பின்சன்னல் இறங்குகிறது. சுருட்டிப் பிடித்த அங்கி மடிப்பைப் பெரியவர் கொடி மாதிரி வெளியே தூக்கிக் காட்டுகிறார். சோய்ஜில் ஆரூலைக் கடிக்காமல் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.