அடுப்பை எண்ண வந்தவர்

அயர்ன்காரியின் வாய்க்குத் தெருவே பயப்படும். காலையில் அவளுடைய ஓரகத்தி சின்னவள் இரும்பு அடுப்பை மூட்டி ரெண்டு குடும்பத்துக்கும் சோறு வடிப்பாள். மிஞ்சிய தணலை அள்ளி இஸ்திரிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இவள் தள்ளுவண்டிக்குப் போவாள். ஒரே கூரை, நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் இவள் குடும்பம், அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். ரெண்டு அடுப்பு எதற்கு? விறகு என்ன மரத்திலா காய்க்கிறது?

அந்தச் சிக்கனமே வினையாக வந்தது. தெருவை இடித்துவிட்டு மேம்பாலம் கட்டப் போகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு மாற்று வீடு. கணக்கெடுக்க வந்த சர்வேக்காரர் ஆளை எண்ணவில்லை, அடுப்பை எண்ணினார்.

"அடுப்பு ஒண்ணுதானேம்மா? அப்போ குடும்பம் ஒண்ணு. வீடும் ஒண்ணு."

"ஒன்பது பேர் சார்! ஒரே ரூம்ல சட்டை மாதிரி மடிச்சா அடுக்குறது?"

"ரூல் அப்படி."

எதிர்வீட்டு அண்ணன் தம்பி ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்க மாட்டார்கள். ஆளுக்கொரு அடுப்பு. அவர்களுக்கு ரெண்டு வீடு! அயர்ன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றுமையாக இருந்ததற்கு அபராதமா?

மறுநாள் அவர் சரிபார்க்க வருவதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கம் செங்கல் அடுப்பு ஒன்று முளைத்துவிட்டது. வாசலில் சண்டையும் தயார்.

"என் உப்பைத் தின்னுட்டு என்னையே பேசுறியாடி!"

"உங்க உப்பு யாருக்கு வேணும்..." என்று ஆரம்பித்த சின்னவள் பாதியிலேயே சிரித்துத் தொலைத்தாள்.

சர்வேக்காரர் குனிந்து செங்கலைத் தடவினார். விரலில் கரி ஒட்டவில்லை. ஒன்று என்றே எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அயர்ன்காரி உள்ளே போனாள். இஸ்திரித் துணியால் பிடித்து, எரிகிற இரும்பு அடுப்பைத் தூக்கி வந்து ஜீப்புக்கு முன்னால் நடுரோட்டில் வைத்தாள்.

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே கெட்டில்லதானே டீ? அப்போ நீங்களும் ஒரே குடும்பம்! எல்லாரும் சேர்ந்து ஒரே சம்பளம் வாங்குங்க, ஒரே ரூம்ல படுங்க. அப்புறம் வந்து எங்களை எண்ணுங்க!"

டிரைவர் ஹாரனை அமுக்கினார். சின்னவள் உலைப்பானையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, நாம இப்போ சண்டையில இருக்கோமா, இல்லையா?"

"சண்டைதான்டி. உன்கூட இல்ல. பானையை வை."

ஜீப் உறுமியது. அயர்ன்காரி சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிறினாள். புகை நேராகப் போய்ச் சர்வேக்காரரின் மடிப்புக் கலையாத சட்டையில் ஏறியது.