மலைப் பாதையில் நிறுத்திய எஞ்சின்

மாம்புரியில் மீன்பிடிக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலில் மழை மூடி மற்றப் படகுகள் தெரியாமல் போனால், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். அவர்களின் சத்தம் வரும் பக்கமாகப் போவோம். அந்தப் பழக்கத்தை நான் நேபாள மலைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

சென்ற ஆண்டு நண்பர்கள் ஆறு பேர் அங்கே வாடகை மோட்டார் சைக்கிள்களில் சுற்றுலா போனோம். மூன்றாம் நாள் காலை, ஒரு வளைவில் முகில் இறங்கிப் பாதையை மறைத்தது. முன்னால் போன நால்வரையும் காணவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுப் பாதையிலேயே நிறுத்தி, சாவியைத் திருப்பி, அவர்களின் சத்தத்தைத் தேடினேன். சாவியோடு விளக்கும் அணைந்ததை நான் நினைக்கவேயில்லை.

எனக்குப் பின்னால் கடைசியாக வந்த நண்பன் ஜூட் மயிரிழையில் என்னைத் தவிர்த்து ஓரத்தில் நிறுத்தினான். ஓடிவந்து என்னை வண்டியோடு மலைப் பக்கமாகத் தள்ளினான். அடுத்த நொடி, நான் நின்ற இடத்தாலேயே ஒரு லொறி போனது.

“நடு ரோட்டில என்ன மச்சான் செய்றாய்?” என்றான்.

“அவங்கட சத்தம் கேக்குதா எண்டு பாத்தன்.”

“நீ கேட்டுக்கொண்டு நிண்டாய். நீ நிக்கிறது ஆருக்குத் தெரியும்?”

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடலிலும் இத்தனை வருடம் இப்படித்தானே நின்றிருக்கிறேன்? இப்போதும் மழை மூடினால் எஞ்சினை நிறுத்துகிறேன். அதற்கு முன் படகின் விளக்கைப் போட்டுவிடுகிறேன். பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று பக்கத்துப் படகுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் என்னைக் கண்டுவிட்டார்.