காது கேட்கிற ஜீப்பு

சிலமலை பானுப்பிரியா காலேஜ் முடித்துவிட்டு, வேறு வேலை வாய்க்காமல் அம்மா மாயக்காளோடு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் போனில் சிநேகிதிகளைக் கூட்டி, பகடை உருட்டிக் கதை விளையாடுவாள். ஆளுக்கொரு வீரர் வேஷம். பூதங்களை ஏவிவிடுவது இவள். புதையல் என்று கையை விட்டால் கடிக்கிற பெட்டி, தானாக எழுந்து அடிக்கிற விளக்குமாறு. எல்லாம் வெள்ளைக்காரன் கற்பனை என்று சிநேகிதிகள் சொன்னால் இவளுக்குச் சிரிப்பு வரும். வெறும் தொட்டிலை ஆட்டாதே, உலக்கையைத் தாண்டாதே என்று அடி வாங்கி வளர்ந்தவளுக்கு அதெல்லாம் புதுசா என்ன?

போதாக்குறைக்கு டிரைவர் ஜக்கையனின் ஜீப்பு வேறு. தோட்டத்துப் பெண்களை ஏற்றி இறக்குகிற அந்த வண்டிக்குக் காது உண்டு என்பது அவன் கட்சி. உள்ளே உட்கார்ந்துகொண்டு அதைக் குறை சொல்லக்கூடாது. 'ஓட்டை வண்டி' என்று வாய்தவறிச் சொன்ன முனியாயியை அவன் அப்புறம் ஏற்றவே இல்லை. ஜீப்பு இல்லையென்றால் வேலையும் இல்லை.

அன்று சாயங்காலம் போடிமெட்டு இறக்கத்தில் கருகல் நாற்றம் அடித்தது. பிரேக்குதான். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்களே தவிர, ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஜலதோஷம் பிடித்திருந்த ஜக்கையனுக்கு நாற்றம் தெரியவில்லை. பாட்டை அலறவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பானு கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் நாளைக்குப் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் நாளையே இல்லை.

"அண்ணே, எங்க விளையாட்டுல ஒரு ஜீப்பு பூதம் வருது," என்றாள். முன்சீட்டுப் பக்கம் எக்கி, பாட்டையும் மீறிக் கேட்கிற மாதிரி.

"வந்து என்ன சொல்லுது?"

"கால் எரியுதுன்னு அழுகுது. வளைவு வர்றதுக்கு முந்தி ஒருக்கா மிதிச்சுப் பாருங்கண்ணே."

சிரித்துக்கொண்டே மிதித்தான். பிரேக்கு தரைவரை போனது. சிரிப்பு நின்றுவிட்டது. கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒடித்து, மண்மேட்டில் உரசி உரசி ஒருவழியாக நிறுத்தினான்.

எல்லாரும் இறங்கினார்கள். ஜக்கையன் பானுவின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போய் பானட்டைத் தடவினான். "கோவிச்சுக்காத ஆத்தா. சின்னப்புள்ள, தெரியாமப் பேசிருச்சு."

மாயக்காள் மகளின் கையைப் பிடித்து ரோட்டோரமாக இழுத்துப் போனாள். "மேல மெட்டுலயே எனக்கு நாத்தம் தெரிஞ்சுச்சு," என்றாள்.

பானுவுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது. "அப்பவே சொல்றதுக்கென்னம்மா? எல்லாரும் செத்திருப்போம்ல."

மாயக்காள் திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். "மெதுவாப் பேசுடி," என்றாள். "அது இன்னும் அங்கதான நிக்குது."