கதைக்குள் ஒரு கொசு

1. பழைய ஆளுக்குப் புது வேலை

மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்தேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து, அறுபத்தாறு வயதில், எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. கொடுத்தவள் என் மருமகள் சுகன்யா.

சுகன்யா ஊட்டியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். காலை ஏழே கால் பஸ்ஸில் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். என் மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் இரண்டு ஞாயிறு வருவான். என் மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. அதனால் ஆறு வயது இனியாவையும் இரண்டரை வயது கவினையும் பகலில் பார்த்துக்கொள்வது நான்தான்.

இந்த நிலையில் சுகன்யாவுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வீட்டிலேயே செய்யும் வேலை வந்தது. மொபைலில் குழந்தைகள் கேட்கும் கதைகளுக்குக் குரல் கொடுக்க வேண்டும். மொத்தம் அறுபது கதைகள். அவை தேறினால் ஒப்பந்தம் போடுவதாகச் சொன்னார்கள். ஒப்பந்தம் கிடைத்தால் பஸ் பயணத்தை விட்டுவிடலாம். தினமும் காலையில் கவின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும்போது திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் உற்சாகத்தில் இரண்டு நாள் தூங்கவில்லை. கம்பளி, ஸ்வெட்டர், ரஜாய்ப் போர்வை எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்த மர பீரோவின் கீழ்த்தட்டைக் கழற்றி, அதற்குள் மைக்கை வைத்தேன். கம்பளி சூழ்ந்திருந்ததால் குரல் எதிரொலிக்கவில்லை. எங்கள் வீடு தொழிற்சாலைக்கு நேர் கீழே. எந்த மெஷின் எப்போது நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். மாலை ஆறு முதல் ஏழரை வரை அமைதி இருக்கும் என்று டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் கவினைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கு வரும் இலை வண்டி பார்க்கப் போய்விடுவேன். கதவில் சிவப்பு ஸ்வெட்டர் தொங்கினால் ரெக்கார்டிங் நடக்கிறது என்று பொருள். அந்த ஸ்வெட்டருக்குப் பொறுப்பாளர் இனியா. கேஸ் சிலிண்டர்காரரையே விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்பியவள் அவள்.

ஒரு வேலைதான் மிச்சம். பதிவான ஃபைலை ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டு, வேறு சத்தம் ஏதும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சுகன்யாவுக்கு அதற்கு நேரமில்லை.

"நான் பாக்கறேன்" என்றேன். "இலை நறுக்கற சி.டி.சி. ரோலரோட பல் மழுங்கிப் போச்சுன்னா சத்தத்தை வெச்சே சொன்னவன் நான்."

"உங்க காத நம்பித்தானுங்க மாமா அனுப்பப் போறேன்" என்று சிரித்தாள்.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற வருடம் ஒரு மருத்துவ முகாமில் என் காதைச் சோதித்தார்கள். மெஷின் இரைச்சலில் வருடக்கணக்காக நின்றதால் மெல்லிய கீச்சுச் சத்தங்கள் எனக்குக் கேட்பதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை.

2. கொசு

தொழிற்சாலை லாக் புக் மாதிரியே ஒரு நோட்டுப் போட்டேன். கதை எண், தேதி, டிக். வீட்டில் வேறு எது நடந்தாலும் ஓரத்தில் குறிப்பேன். அது பழைய பழக்கம். காலை பதினொரு மணிக்குக் கவின் தூங்கியதும் உட்கார்ந்து கேட்பேன். முதல் இருபது கதைகள் போய், அப்படியே தேறின.

ஒரு சனிக்கிழமை பள்ளி விடுமுறை. இனியா என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாரு, கதைக்குள்ள கொசு இருக்குது" என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான் சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கேட்டேன். சுகன்யாவின் குரல் மணி போலக் கேட்டது. கொசு இல்லை.

"கொசுவெல்லாம் இல்ல கண்ணு. போய் வெளையாடு."

"இருக்குதுங்கறேன். கீய்ய்ய்னு கத்துது."

"எனக்குக் கேக்காதது உனக்கு மட்டும் கேக்குதாக்கும்?"

டிக் போட்டேன். அந்த நிமிடமே எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அதையும் அந்தச் சீட்டு போன பைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

3. ரிஜெக்ட்

மீதி நாற்பது கதைகளும் மொத்தமாகப் போயின. புதன்கிழமை மாலை, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே சுகன்யாவுக்குப் போன் வந்தது. கவினைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையில் இந்த வேலையைக் கவனிக்கும் நிவேதா என்ற பெண் பேசினாள்.

"மேம், உங்க வாய்ஸ் சூப்பர் மேம். ஆனா ரெண்டாவது செட் ரிஜெக்ட் ஆயிடுச்சு. பின்னாடி கீச்சுனு ஒரு சத்தம். அது ஏறி ஏறி இறங்குது, ஃபில்டர்ல எடுத்தா உங்க குரலும் சேர்ந்து போயிடுது. திங்கட்கிழமை காலையில கிளீனா வந்தா உங்க பேர நான் மேல அனுப்பிடுவேன். இல்லன்னா வேற ஒருத்தருக்குப் போயிடும் மேம். சாரி."

சுகன்யா சுவரில் சாய்ந்தாள். அவள் பார்வை இனியாவின் பொம்மைக் கீபோர்டில் போய் நின்றது.

"இத ஆன்ல வெச்சுட்டுத்தான் கதவுகிட்ட உக்காந்திருந்தியாடி?"

"நானில்லம்மா."

"பின்ன யாரு? அப்பாரு அத்தனையும் கேட்டு டிக் போட்டிருக்காங்க. நெசத்தச் சொல்லு."

இனியா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கீபோர்டு அலமாரி மேலே போனது. சிவப்பு ஸ்வெட்டரும் அவளிடமிருந்து போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் குறிப்பை நான் எழுதுவதே அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

4. பஞ்சு

மறுநாள் பள்ளி விட்டு வந்த இனியாவின் இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"என் காது கெட்டுப் போச்சு அப்பாரு. இல்லாத சத்தமெல்லாம் கேக்குது. இங்க இப்பக்கூடக் கேக்குது."

உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். ஆறு வயதுக் குழந்தை தன் நல்ல காதை அடைத்துக்கொண்டு நிற்கிறது, என் கெட்ட காதை நம்பி.

"உன் காது நல்ல காது. என் காதுதான் போச்சு. எங்க கேக்குது, காட்டு."

பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராக நடந்தாள். பீரோவுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டைக் காட்டினாள். "இதுதான் தெனமும் கத்துது. நீங்கதானே வெச்சீங்க?"

கீச்சுச் சத்தம் போட்டு எலி விரட்டும் மெஷின். மைக் வயரை எலி கடித்துவிடக் கூடாது என்று சந்தையில் நானே வாங்கி வந்து மாட்டியது. கதையில் மூழ்கிவிடும் சுகன்யாவும் அதைக் கவனித்திருக்கவில்லை. பிடுங்கினேன்.

"கொசு செத்துப் போச்சு!" என்று குதித்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். கவினும் எதற்கென்று தெரியாமல் குதித்தான்.

இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு, மாலை பஸ் வரும் முன்பே நிறுத்தத்துக்குப் போனேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. சுகன்யா இறங்கியதும் டாக்டர் சீட்டிலிருந்து எலி மெஷின் வரை ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் இனியாவைப் பார்த்தாள். பிறகு, "நேத்து இவளத் திட்டும்போது நீங்க பக்கத்துலதானுங்களே மாமா இருந்தீங்க?" என்றாள்.

"இருந்தேம்மா."

அவள் ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து இனியாவைக் கட்டிக்கொண்டாள். எழுந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "எந்தக் கதையில இருந்து கொசு வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். வாங்க."

வீட்டில் ஹெட்ஃபோன் இனியா தலையில் ஏறியது. இருபத்தொன்று, கொசு இல்லை. இருபத்திரண்டு, இல்லை. இருபத்து மூன்று.

"வந்துருச்சு!"

நோட்டைப் பார்த்தோம். இருபத்து மூன்றுக்கு நேரே ஓரத்தில் என் கையெழுத்து: 'எலி மெஷின் மாட்டியாச்சு.' சுகன்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முப்பத்தெட்டுக் கதைகள். மூன்று நாட்கள்.

5. வெள்ளி, சனி, ஞாயிறு

வெள்ளிக்கும் சனிக்கும் சுகன்யா லீவு போட்டாள். "குழந்தைங்களுக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லாம கேக்கற மொத லீவு இது" என்றாள். அவள் ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

நான் தொழிற்சாலைக்கு ஓடினேன். இலை குவியும் பருவம், மெஷின் நேரமெல்லாம் மாறியிருந்தது. மெஷின்கள் சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருந்தன. இப்போதைய டீ மேக்கர் ராஜன் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர். எந்தெந்த நேரம் மெஷின் நிற்கும் என்று கேட்டேன். ஏன் என்றார். காது விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ராஜன் சிரித்தார். "உங்களுக்குக் காது மந்தம்னு வாசல் கேட்டுல படுத்திருக்கற நாய்க்குக்கூடத் தெரியுமுங்க சார். அது உங்களப் பாத்தா மட்டும் ரெண்டு தடவை குலைக்குமே, கவனிச்சதில்லீங்களா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எட்டு வருடமாக நான் மறைத்தது வீட்டிலிருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

மெஷின் நிற்கும் நேரங்களை ராஜன் எழுதிக் கொடுத்தார். வெள்ளியன்று இனியாவும் பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளி பதின்மூன்று கதைகள், சனி பதினான்கு. ஒரு கதை முடிந்ததும் இனியா கேட்பாள், கட்டை விரலைக் காட்டுவாள், அடுத்தது. கவினுக்குக் கஞ்சி ஊட்டுவது, சுடுதண்ணீர் வைப்பது, காக்கை விரட்டுவது என் வேலை. ஞாயிறு மதியத்துக்குள் எட்டு முடிந்தது. மூன்று மிச்சம். அப்போது மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

சுகன்யா மைக்கைக் கீழே வைத்தாள். "அவ்வளவுதானுங்க மாமா."

"இல்ல. குடையை எடு."

தொழிற்சாலை குடோன் எனக்கு நினைவு வந்தது. கான்கிரீட் கூரை, தரையிலிருந்து கூரை வரை தேயிலை மூட்டைகள். அங்கே நின்று பேசினால் நம் குரல் நமக்கே அந்நியமாகத் தெரியும். அத்தனை சத்தத்தையும் தேயிலை குடித்துவிடும். ஞாயிறு மதியம் மெஷின்கள் ஓடாது. ராஜன் சாவியோடு வந்தார். நனைந்த தலையோடு சுகன்யா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கரடி மாதிரியும் கிழவி மாதிரியும் பேசினாள். வாசலில் சிவப்பு ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு இனியா நின்றாள். தும்மப் போன ராஜனை முறைத்த முறைப்பில் அவர் மழையிலேயே வெளியே ஓடினார்.

6. கற்றது

முப்பத்தெட்டும் தேறின. ஒரு வருட ஒப்பந்தம் எதிர்பார்த்தோம். முதலில் ஆறு மாதம் என்றார்கள். சுகன்யா பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்துவிட்டாள். ஏழே கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது கவின் இப்போது அதற்கு டாட்டா காட்டுகிறான்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கு உதவ வரும் வீட்டாரிடம், அவர்களால் எது முடியாது என்று முதலிலேயே கேளுங்கள். எங்களைப் போன்றவர்கள் தாமாகச் சொல்ல மாட்டோம். உதவ வரும் பெரியவர்களுக்கும் ஒன்று: முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். நான் சொல்லாததற்கு ஒரு குழந்தை விலை கொடுத்தது.

நோட்டில் இப்போது இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் இனியாவின் டிக் விழாமல் என் கட்டத்துக்கு வேலை இல்லை. எனக்குக் காதில் கருவியும் வந்துவிட்டது; ஆனாலும் மெல்லிய கீச்சுச் சத்தம் அதில் பிடிபடுவதில்லை. நேற்று அவள் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்து, "இப்ப ஏதாச்சும் கேக்குதா அப்பாரு?" என்றாள்.

"எனக்குக் கேக்கல கண்ணு. நீ சொல்லு" என்றேன்.